டிவிஎஸ் எக்ஸ்.எல். திருட்டு: சாவி, சங்கிலி, காகிதம்

விடிகாலை ஐந்து மணிக்கு எந்த ஊர்க் காய்கறி மண்டிக்குப் போனாலும் வாசலில் வரிசையாக நிற்பது மொபெட்தான். கீரைக்கட்டு, பூக்கூடை, பால் கேன், மீன் பெட்டி, தவிட்டு மூட்டை, சில சமயம் ஒரு ஆட்டுக்குட்டி. எதை ஏற்றினாலும் சுமந்துகொண்டு போகும். கம்பெனி அதற்கு எத்தனை பெயர் மாற்றினாலும் நம்ம ஊர்ப் பெரியவர்களுக்கு அது இன்னும் 'டிவிஎஸ் ஃபிஃப்டி'தான்.

மோட்டாரில் பாதி, பெடலில் பாதி எடுத்து 1950களில் சுவீடனில் உருவாக்கிய சொல்தான் மொபெட். அதாவது மோட்டார் வைத்த சைக்கிள். 1980ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50, இரண்டு பேர் உட்காரக்கூடிய முதல் இந்திய மொபெட். அதில் பெடலும் உண்டு. பெட்ரோல் தீர்ந்தால் மிதித்தே வீடு வந்து சேரலாம். இன்றைய எக்ஸ்.எல். 100ல் பெடல் இல்லை. இன்ஜினும் 100 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக். ஆனால் வண்டியின் குணம் மாறவில்லை. எடை குறைவு, கியர் கிடையாது, அமைப்பு எளிது, எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார்.

இந்த நாலு குணமும் திருடனுக்கும் பிடிக்கும். அதுதான் இந்தக் குறிப்பின் விஷயம்.

வெற்றிமாறனின் முதல் படம் 'பொல்லாதவன்' (2007) பார்த்தவர்களுக்கு, ஒரு பைக் காணாமல் போவது ஒரு வீட்டை எப்படி ஆட்டிவைக்கும் என்று தெரியும். அதில் போனது பல்சர். எக்ஸ்.எல். போனால் அடி வேறு இடத்தில் விழும். ஆபீஸ் போகிறவர் பைக் போனால் மறுநாள் பஸ் ஏறுவார். பால் ஊற்றுகிறவர் எக்ஸ்.எல். போனால் மறுநாள் பால் ஊற்ற முடியாது. நாலு நாள் போகவில்லை என்றால் வாடிக்கை வேறு ஆளிடம் போய்விடும். அதனால்தான் 'வண்டியை நல்லா பூட்டுங்க' என்ற ஒற்றை வரி அறிவுரையோடு இதை முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

நான் இதை மூன்று படியாகப் பிரித்துக்கொள்கிறேன். திருடுகிறவன் முதலில் வண்டியை நின்ற இடத்திலிருந்து நகர்த்த வேண்டும். பிறகு கிளப்ப வேண்டும். கடைசியில் காசாக்க வேண்டும். மூன்றில் ஒன்று கஷ்டமானாலும் அவன் பக்கத்து வண்டியைப் பார்க்கப் போய்விடுவான். இதற்கு அப்பால், இத்தனையும் மீறி வண்டி போய்விட்டால் உங்களைக் காப்பாற்றுவது காகிதம். நம்மில் பெரும்பாலானோர் முதல் படியோடு நின்றுவிடுகிறோம்.

சாவி என்னதான் செய்கிறது?

சாவியைத் திருப்பினால்தான் இன்ஜினுக்கு உயிர் வருகிறது என்று நினைக்கிறோம். பழைய மொபெட்டில் விஷயம் தலைகீழ். இன்ஜின் சுற்றும்போது அதோடு சேர்ந்து ஒரு காந்தச் சக்கரமும் சுற்றும். தீப்பொறிக்கான மின்சாரம் அங்கேயே உற்பத்தியாகிறது, பேட்டரியே தேவையில்லை. சாவியை 'ஆஃப்' செய்தால் அந்த மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வண்டியின் பாடிக்குத் திருப்பிவிடப்படுகிறது. அதாவது சாவி இன்ஜினை எழுப்புவதில்லை, எழுந்திருக்க விடாமல் அமுக்கிப் பிடித்திருக்கிறது. அந்தப் பிடி விட்டுப்போனால் சாவி கையில் இல்லாமலே வண்டி கிளம்பும்.

2020க்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் ஃபியூயல் இன்ஜெக்ஷனும் அதைக் கட்டுப்படுத்தும் சின்னக் கம்ப்யூட்டரும் வந்துவிட்டன. வேலை கொஞ்சம் கஷ்டமாகியிருக்கிறது. ஆனாலும் கார் சாவிக்குள் இருக்கும் சிப் இந்தச் சாவியில் இல்லை. காரில் அந்தச் சிப் ஒரு ரகசிய எண்ணைச் சொல்லும். எண் பொருந்தாவிட்டால் இன்ஜின் கிளம்பாது. இதற்கு இம்மொபிலைசர் என்று பெயர். ஐரோப்பிய ஒன்றியம் 1998ல் புதிய கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. நெதர்லாந்துப் பொருளியலாளர்கள் இருவர் பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்து, இந்தச் சின்னச் சாதனம் கார் திருட்டைக் கணிசமாகக் குறைத்தது என்று எழுதினார்கள். விலை மலிவான மொபெட்டுக்கு அந்த வசதி இன்னும் இறங்கி வரவில்லை.

அடுத்து சைடு லாக். ஹேண்டிலைத் திருப்பிப் பூட்டினால் ஒரு சின்ன இரும்பு முளை போய்ச் செருகிக்கொள்ளும், அவ்வளவுதான். ஹேண்டில் ஒரு நீளமான நெம்புகோல்; அதன் முழு பலமும் அந்த முளைமேல் விழும்போது அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று சிசிடிவி காட்சிகளில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்காக சைடு லாக் போடாமல் விடலாமா? கூடாது. சைடு லாக் போடாத வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் தெருவில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 'பெட்ரோல் தீந்துபோச்சு போல' என்று பரிதாபப்படுவார்கள். லாக்கை உடைத்தால் ஒரு சத்தமாவது வரும். ஒரு நாயாவது குரைக்கும்.

சங்கிலி: எது, எங்கே, எப்படி

இணையத்தில் தேடினால் முதலில் வரும் அறிவுரை 'டிஸ்க் லாக் வாங்குங்க' என்பது. எக்ஸ்.எல்.லுக்கு இது ஒத்துவராது. முன்னாலும் பின்னாலும் டிரம் பிரேக். டிஸ்க்கே கிடையாதே, லாக்கை எங்கே மாட்டுவது?

மொபெட்டுக்குப் பொருத்தமானது சங்கிலிதான். அதைப் போடுவதில் கவனிக்க வேண்டியவை இவை.

ஒன்று, சக்கரத்தை மட்டும் பூட்டினால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. எக்ஸ்.எல். 100ன் எடை 90 கிலோவுக்குள். இரண்டு பேர் தூக்கி ஒரு குட்டியானையில் போட்டுவிடலாம். பூட்டிய சக்கரம் தரையில் உருளாது, சரி. தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு அதனால் என்ன நஷ்டம்? சங்கிலி வண்டியின் சட்டத்தையும், பின் சக்கரத்தையும், அசையாத ஒரு பொருளையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஜன்னல் கம்பி, கிணற்றடித் தூண், காங்கிரீட்டில் புதைத்த இரும்பு வளையம், எதுவாக இருந்தாலும் சரி. வீட்டு வாசலில் அப்படி ஒரு வளையத்தைக் கொத்தனாரிடம் சொல்லிப் பதித்துக்கொள்வது, எனக்குத் தெரிந்தவரை இந்த விஷயத்தில் செய்யக்கூடிய மிக மலிவான, மிகப் பயனுள்ள செலவு. வண்டி ராத்திரி முழுக்க நிற்பது அங்கேதானே.

இரண்டு, பிளாஸ்டிக் உறை போட்ட கேபிள் லாக் பார்க்க தடிமனாக இருக்கும். உள்ளே மெல்லிய கம்பி இழைகள்தான். டீ குடிக்கும் ஐந்து நிமிடத்துக்கு அது போதும். ராத்திரிக்கு 10 மில்லிமீட்டர் தடிமனாவது இருக்கும், கடினப்படுத்திய எஃகு சங்கிலி வேண்டும். கட்டில் காலில் நாய் கட்டும் சங்கிலி கணக்கில் வராது.

மூன்று, சங்கிலியும் பூட்டும் சம பலத்தில் இருக்க வேண்டும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமையான விஷயம்தான். ஆனால் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டை நூல் மாதிரி ஒரு சங்கிலியில் போட்டால் திருடன் பூட்டைத் தொடக்கூட மாட்டான். பூட்டின் வளையம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றாலும் இதே கதைதான். வளைவு உடம்போடு ஒட்டியிருக்கும் பூட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

நான்கு, சங்கிலி தரையில் கிடக்கக் கூடாது. பெரிய கட்டரின் ஒரு பிடியைத் தரையில் ஊன்றி மறு பிடிமேல் முழு உடம்பையும் அழுத்தினால் கைபலத்தைவிடப் பல மடங்கு பலம் கிடைக்கும். சங்கிலி முழங்கால் உயரத்தில் இறுக்கமாக இருந்தால் அந்த வசதி அவனுக்கு இல்லை.

இத்தனையும் செய்தால் வண்டியைத் திருடவே முடியாதா? முடியும். உடைக்க முடியாத பூட்டு என்று ஒன்று கிடையாது. பூட்டு நமக்கு வாங்கித் தருவது நேரம். அந்த நேரத்தில் யாராவது பார்ப்பார்கள் என்ற பயத்தை அவனுக்குக் கொடுப்பது நாம் வண்டியை நிறுத்தும் இடம். ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் நல்ல பூட்டு போடுவதும், கடைவீதி நடுவில் பூட்டே போடாமல் நிறுத்துவதும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டும் சேர்ந்தால்தான் பலன்.

ஜெர்மனியின் ஹெல்மெட் கதை

'ஒரு வண்டியைப் பூட்டினால் திருடன் வேறு வண்டியை எடுக்கப் போகிறான். மொத்தத்தில் திருட்டு குறையுமா என்ன?' இது நியாயமான கேள்வி. குற்றவியலில் இதற்கு ஒரு பிரபலமான பதில் இருக்கிறது.

மேற்கு ஜெர்மனியில் 1976ல் ஹெல்மெட் கட்டாயமானது. ஆனால் போடாதவர்களுக்கு உடனடி அபராதம் 1980ல்தான் வந்தது. அந்த வருடம் அங்கே சுமார் 1,50,000 மோட்டார் சைக்கிள்கள் திருடு போயின. 1986ல் அது சுமார் 54,000. மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போய்விட்டது! திருட்டைத் தடுப்பது அந்தச் சட்டத்தின் நோக்கமே கிடையாது. நடந்தது என்னவென்றால், வழியில் ஒரு வண்டியைப் பார்த்து சபலப்பட்டு எடுத்துக்கொண்டு போகிறவன் கையில் ஹெல்மெட் இருக்காது. ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினால் அடுத்த முனையில் போலீஸ் நிறுத்தும். அதே காலத்தில் கார் திருட்டோ சைக்கிள் திருட்டோ இந்தக் குறைவுக்கு ஈடாக உயரவில்லை. அதாவது பெரும்பகுதித் திருட்டு வேறு இடத்துக்கு நகரவில்லை, நடக்கவே இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அதே மேற்கு ஜெர்மனி 1960களின் தொடக்கத்தில் பழைய கார், புதிய கார் எல்லாவற்றுக்கும் ஸ்டியரிங் லாக் கட்டாயம் என்றது; திருட்டு குறைந்தது. பிரிட்டன் 1971ல் புதிய கார்களுக்கு மட்டும் அதைக் கட்டாயமாக்கியது. அங்கே திருடர்கள் பழைய கார்களுக்கு மாறிக்கொண்டார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது. திட்டம் போட்டு வரும் கும்பலைவிட, வாய்ப்பு பார்த்துக் கை வைக்கிறவன்தான் அதிகம். அவனைச் சின்னச் சின்னத் தடைகளே நிறுத்திவிடும். ஆனால் பாதுகாப்பு எல்லா வண்டிக்கும் வராமல் விலை உயர்ந்த வண்டிக்கு மட்டும் வந்தால், சுமை கீழே இருக்கிறவன் வண்டிமேல் இறங்கும். புது பைக்குகளில் அலாரமும் ஜிபிஎஸ்ஸும் வர வர, ஒன்றுமில்லாமல் நிற்கப்போவது எக்ஸ்.எல்.தான்.

காசாக்கும் வழியை அடைப்பது

திருடிய வண்டி இரண்டு வழியில் காசாகும். முழு வண்டியாக விற்பது ஒன்று, பிரித்துப் பார்ட்ஸாகவும் பழைய இரும்பாகவும் விற்பது இன்னொன்று.

முழு வண்டியாக விற்க நம்பரை மாற்ற வேண்டும். 2019 ஏப்ரல் 1 முதல் விற்ற வண்டிகளில் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். ஒருமுறை பூட்டினால் உடைத்துத்தான் கழற்ற முடியும். அசோகச் சக்கர ஹாலோகிராமும் லேசரில் பொறித்த தனி எண்ணும் அதில் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு ஸ்டிக்கர் கடை பிளேட்டில் சாமி பேரும் தலைவர் படமும் போட்டுக்கொள்கிறவர்கள், ஒரு நல்ல பூட்டைத் தாங்களே கழற்றிப் போடுகிறார்கள்.

பிளேட்டை மாற்றினாலும் சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியிலேயே பொறித்திருக்கும். இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள்: அந்த இரண்டு எண்களையும் போனில் படம் எடுத்து வீட்டில் இன்னொருத்தர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். ஆர்சி புக்கை வண்டி சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வண்டியோடு ஆர்சியையும் கொடுப்பது திருடனுக்கு விற்பனைப் பத்திரம் எழுதிக் கொடுப்பது மாதிரி. ஒரிஜினல் வீட்டில் இருக்கட்டும். டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலிகளில் உள்ள ஆர்சி சட்டப்படி செல்லும்.

பார்ட்ஸாகப் பிரிப்பதைக் கஷ்டப்படுத்த வண்டி நம்பரை நாலைந்து இடத்தில் பொறித்து வைக்கலாம். டேங்க் அடிப்பகுதி, கேரியர், சைலன்சர் மறைப்பு, சக்கர ரிம். பாத்திரக் கடையில் எவர்சில்வர் தூக்கில் பெயர் வெட்டித் தருகிறார்களே, அதே கருவி போதும். பெயர் வெட்டிய பாத்திரம் கல்யாண வீட்டில் தொலைந்தாலும் திரும்பி வரும் என்று நம் பாட்டிகளுக்குத் தெரிந்திருந்தது.

இந்த வழியை அடைப்பதில் வாங்குகிறவருக்கும் பங்கு இருக்கிறது. 'வண்டி பத்தாயிரம்தான்ணே, ஆர்சி அப்புறம் வாங்கித் தர்றேன்' என்று யாராவது சொன்னால் அந்த 'அப்புறம்' வரவே வராது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 317ன் கீழ் மூன்றாண்டு வரை சிறை. திருடியவனுக்குப் பிரிவு 303ல் உள்ள தண்டனையும் அதே மூன்றாண்டு வரைதான். பழைய வண்டி வாங்குமுன் ஆர்சியில் உள்ள சேசிஸ் நம்பரை வண்டியில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். அந்த வண்டிமேல் திருட்டுப் புகார் இருக்கிறதா என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையிலும் பார்க்கலாம்.

ஜிபிஎஸ்ஸும் பட்டன் டேகும்

சிம் கார்டு போட்ட ஜிபிஎஸ் கருவி இடத்தைத் துல்லியமாகச் சொல்லும். ஆனால் வண்டி பேட்டரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். மொபெட் பேட்டரி சின்னது. நாலு நாள் ஓட்டாமல் நிறுத்தினால் இறங்கிவிட வாய்ப்பு உண்டு. வருடாவருடம் ரீசார்ஜும் செய்ய வேண்டும்.

பட்டன் அளவில் வரும் டேக் மலிவு. அதில் ஜிபிஎஸ் கிடையாது. பக்கத்தில் போகும் போன்கள் அதன் சிக்னலைக் கேட்டு இடத்தை அனுப்பும். ஆப்பிளின் ஏர்டேகுக்கு ஐபோன்கள் அக்கம்பக்கத்தில் வேண்டும்; சென்னையில் சரி, சின்ன ஊர்களில் சந்தேகம். ஆண்ட்ராய்டு போன்களை வைத்து இயங்கும் கூகுளின் வலை 2024ல் தொடங்கியது. நம்ம ஊருக்கு அது பொருத்தம், ஆனால் கூட்டம் அதிகமான இடத்தில்தான் நன்றாக வேலை செய்யும். இன்னொரு சிக்கல், 'உங்களுடன் ஒரு டேக் நகர்கிறது' என்று திருடன் போனுக்கும் எச்சரிக்கை போகும். ஆளைப் பின்தொடர்ந்து தொல்லை தருவதைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது, நியாயமானதுதான். எதுவானாலும், இடம் தெரிந்தால் நேராகப் போய் நிற்காதீர்கள். ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள்.

இன்சூரன்ஸ் இருக்கே, இல்லையா?

இந்தக் குறிப்பை எழுதத் தூண்டியது இந்தப் பகுதிதான். எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் அண்ணனின் எக்ஸ்.எல். வாங்கி மூன்றாவது வருடத்தில் காணாமல் போனது. காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். "தம்பி, இன்னும் ரெண்டு வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு, பாருங்க" என்றார். தேதி உண்மைதான். ஆனால் அந்தக் காகிதத்தில் ஒரு ரூபாய்கூட அவருக்கு வராது.

ஏன் என்று பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயப்படுத்துவது மூன்றாம் தரப்புக் காப்பீட்டை மட்டும். உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு வரும் பாதிப்புக்கு அது ஈடு கொடுக்கும். உங்கள் வண்டி திருடு போனால் கொடுக்காது. 2018 செப்டம்பர் 1 முதல், உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, புது இருசக்கர வாகனத்துக்கு இந்த மூன்றாம் தரப்புக் காப்பீட்டை ஐந்து வருடத்துக்கு மொத்தமாக எடுக்க வேண்டும். திருட்டுக்கு ஈடு தரும் 'சொந்தச் சேதம்' பகுதி வழக்கமாக முதல் வருடத்துக்கு மட்டும்தான் சேர்த்துத் தரப்படுகிறது. ஆக, ஒரே காகிதத்தில் இரண்டு முடிவுத் தேதிகள். ஷோரூமில் நம் காதில் விழுவது 'அஞ்சு வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு சார்' என்ற வாக்கியம்.

அண்ணனுக்கு வண்டியும் போச்சு, வண்டி வாங்கிய ஃபைனான்ஸ் டியூ மட்டும் மாசாமாசம் நின்ற பாடில்லை. வண்டி தொலைந்ததால் கடன் தீராது.

இதற்கு வழி இருக்கிறது. 2019 செப்டம்பர் முதல் சொந்தச் சேதக் காப்பீட்டைத் தனியாக வாங்கலாம். எக்ஸ்.எல். மாதிரி வண்டிக்கு அது ஆண்டுக்குச் சில நூறு ரூபாய். எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதற்கு ஒரு அட்டவணை உண்டு. வண்டி விலை 50,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒன்று முதல் இரண்டு வருட வண்டிக்கு 20 சதவீதம் கழித்து 40,000. இரண்டு முதல் மூன்று வருடத்துக்கு 35,000. நான்கு முதல் ஐந்து வருடத்துக்கு 25,000. ஐந்து வருடத்துக்கு மேல் கம்பெனியும் நீங்களும் பேசி முடிவு செய்யும் தொகை.

செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை. ஆர்சி பழைய ஓனர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தால், மூன்றாம் தரப்புக் காப்பீடு தானாக உங்களுக்கு மாறியதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். சொந்தச் சேதப் பகுதி அப்படி மாறாது. ஆர்சியையும் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்றினால்தான் திருட்டுக்குப் பணம் கேட்க முடியும்.

போய்விட்டால்

அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போங்கள். திருட்டு எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173. மின்னணு முறையிலும் அனுப்பலாம். ஆனால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் முதலில் ஒரு சிஎஸ்ஆர் ரசீது கையில் கொடுத்து, 'கிடைச்சா சொல்றோம்' என்பார்கள். இன்சூரன்ஸுக்கு சிஎஸ்ஆர் போதாது, எஃப்ஐஆர் வேண்டும். திருட்டு, போலீஸ் நேரடியாக வழக்குப் பதிய வேண்டிய குற்றம்; எஃப்ஐஆர் நகல் உங்களுக்கு இலவசம். பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் தபால் அனுப்பலாம், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குச் சொல்ல வேண்டியதும் போலீஸின் கடமை.

காப்பீட்டுக் கம்பெனிக்கும் ஆர்டிஓ அலுவலகத்துக்கும் அதே நாளில் எழுத்தில் சொல்லிவிடுங்கள். தாமதமாகச் சொன்னதாகக் கம்பெனி கைவிரித்தாலும் சோர்ந்துவிட வேண்டாம். போலீஸில் உடனே புகார் செய்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டிப் பணத்தை மறுக்க முடியாது என்று 2020ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதி அமர்வு ஒரு டிராக்டர் திருட்டு வழக்கில் சொல்லியிருக்கிறது. சாவியை வண்டியிலேயே விட்டுப்போன ஒரு லாரி வழக்கில், 2023ல் அதே நீதிமன்றம் 75 சதவீதம் தரச் சொன்னது. மீதி 25 சதவீதம் அஜாக்கிரதைக்கான விலை. இரண்டு சாவிகளையும் கம்பெனி கேட்கும். ஸ்பேர் சாவியைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வண்டி கிடைத்துவிட்டால் இன்னொரு காத்திருப்பு. ஸ்டேஷன் வாசலில் செடி முளைத்துக் கிடக்கும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். வழக்கு முடியும்வரை அங்கேயே கிடக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இப்படிச் சொத்துகளை நீண்ட காலம் ஸ்டேஷனில் போட்டுவைக்கக் கூடாது என்று 2002லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. படம் எடுத்து, பட்டியல் போட்டு, பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு உரிமையாளரிடம் ஒப்படைக்கலாம். புதிய சட்டத்தின் 497ஆவது பிரிவு இதற்குக் கால வரம்பே வைத்திருக்கிறது: நீதிமன்றத்தில் காட்டிய 14 நாளுக்குள் விவரப் பட்டியல், அதிலிருந்து 30 நாளுக்குள் ஒப்படைப்பது பற்றிய உத்தரவு. இதற்கு மாஜிஸ்திரேட்டிடம் மனு போட வேண்டும். வண்டியை நம்பிப் பிழைக்கிறவருக்கு அந்த மனு ரொம்ப முக்கியம்.

இவ்வளவும் படித்த பிறகு ஒரே ஒரு வேலை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால், சங்கிலி வாங்கப் போவதற்கு முன் பாலிசியை எடுத்துப் பாருங்கள். 'சொந்தச் சேதம்' என்ற வரிக்கு எதிரே என்ன தேதி போட்டிருக்கிறது என்று தேடுங்கள். உங்கள் வீட்டில் எக்ஸ்.எல். இல்லாமல் இருக்கலாம். ஆனால் உங்களுக்குப் பால் ஊற்றுகிறவர், பூ கட்டித் தரும் அக்கா, தண்ணீர் கேன் போடும் தம்பி, யாராவது ஒருத்தரிடம் நிச்சயம் இருக்கும். அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி, அவருக்கு வாசித்துச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.